ரிமோட்டை அழுத்தினால் கார் திறக்கவில்லை: அலை இடைஞ்சலைத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் என் பட்டறைக்கு இந்தக் கோளாறோடு வரும் வண்டிகளில் பாதிக்கு டேஷ்போர்டு ஏற்கெனவே கழற்றி மாட்டப்பட்டிருக்கும். காருக்குள் ரிமோட்டின் அலையைக் கேட்கும் பெட்டியைக் காட்டி, யாரோ ஒருவர் "ரிசீவர் போயிடுச்சு" என்று சொல்லியிருப்பார். வண்டி பட்டறை வாசலுக்கு வந்ததும் ரிமோட் ஒழுங்காக வேலை செய்யும். உரிமையாளர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். வீட்டுக்குப் போனதும் மறுபடி அதே கதை.

இப்படி இடத்துக்கு இடம் மாறினால் கோளாறு காரில் இல்லை, கார் நிற்கிற இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தேடுகிற வரிசைதான் முக்கியம். என்னிடம் வேலை பழக வரும் பையன்கள் தடுமாறுவது எல்லாம் இந்த வரிசையில்தான். ஆகவே நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எந்த அலை தடைபடுகிறது என்று பிரித்துப் பாருங்கள்

ரிமோட் சாவி என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நடப்பது மூன்று வேலை. பட்டனை அழுத்தினால் சாவி காருக்கு 433.92 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிறு சங்கேதம் அனுப்புகிறது. இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு இதுதான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்கும் கார்களில் 315 மெகாஹெர்ட்ஸ் வழக்கம்.

பையில் சாவி இருந்தாலே திறக்கும், பட்டன் அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில், அதாவது ஸ்மார்ட் சாவி வண்டிகளில், இன்னொரு பேச்சும் உண்டு. கைப்பிடியைத் தொட்டதும் கார் முதலில் 125 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் தாழ்ந்த அலையில் கூப்பிடும். சாவி அதைக் கேட்டு, 433-இல் பதில் சொல்லும். இந்தக் கூப்பாடு கையெட்டும் தூரம்தான் போகும்.

மூன்றாவது, இம்மொபிலைசர், அதாவது வேறு சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் அமைப்பு. சாவிக்குள் இருக்கும் சிறு சிப்பை ஸ்டார்ட் செய்யும் இடத்தில் கார் படித்துக்கொள்ளும். இதற்குச் சாவியின் செல் தேவையே இல்லை.

ஏன் இதைப் பிரிக்க வேண்டும்? ஒவ்வொன்றையும் கெடுப்பது வேறு வேறு பொருள். பட்டன் அழுத்தித் திறக்கவில்லை, ஆனால் கைப்பிடியைத் தொட்டால் திறக்கிறது என்றால் சாவியின் பட்டனையோ அதற்கடியில் உள்ள சுவிட்சையோ பாருங்கள். அலை போய்க்கொண்டுதான் இருக்கிறது. பட்டனுக்குத் திறக்கிறது, "சாவி இல்லை" என்று மட்டும் டேஷ்போர்டில் காட்டுகிறது என்றால் இடைஞ்சல் 125 கிலோஹெர்ட்ஸ் பக்கம். பெரும்பாலும் காருக்குள்ளேயே இருக்கும். இரண்டும் இல்லையென்றால்தான் 433-ஐத் தேட வேண்டும்.

433 முதல் 434 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில், உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம். அதனால் அழைப்பு மணி, கேட் ரிமோட், தண்ணீர்த் தொட்டி அளவு காட்டும் பெட்டி, விளக்கு ரிமோட், டயர் காற்றழுத்தம் சொல்லும் சென்சார் எல்லாம் அங்கேயே குடியிருக்கின்றன. சந்தை நாளில் காதோடு காதாகப் பேசுவது போலத்தான் உங்கள் சாவியின் நிலைமை.

2. கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

கிளம்பும் முன் இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் கடைக்கு ஓடினால் பார்த்த அளவெல்லாம் குழம்பிப்போகும்.

வண்டியின் இரண்டாவது சாவி. புதிய பட்டன் செல் இரண்டு, சாவிக்குள் எந்த எண் போட்டிருக்கிறதோ அதே எண். ஒரு மல்டிமீட்டர். மீடியம் வேவ் எடுக்கும் சின்ன பேட்டரி ரேடியோ. பழைய வீட்டில் எங்காவது அலமாரியில் கிடக்கும், கிடைத்தால் விடாதீர்கள். ஒரு நோட்டு, பேனா.

இரண்டாவது சாவியைத்தான் நிறையப் பேர் கொண்டுவர மாட்டார்கள். அது சென்னையில் மகனிடம் இருக்கும், இல்லை சிங்கப்பூர் போயிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாவிட்டால் சாவியா, இடமா என்று தீர்மானிக்க இரு மடங்கு நேரம் ஆகும்.

கைபேசி கேமராவில் ரிமோட்டைக் காட்டி வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது டிவி ரிமோட்டுக்கு. அதில் அகச்சிவப்பு ஒளி, கேமரா பிடிக்கும். கார் சாவியில் ரேடியோ அலை. எந்தக் கேமராவிலும் தெரியாது. இதை வைத்தே "ரிமோட் செத்துவிட்டது" என்று முடிவு கட்டி வந்தவர்கள் உண்டு.

3. உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியைச் சோதியுங்கள்

இதை ஏன் முதலில் வைத்தேன் என்றால், அடுத்த படிகளில் ஏதாவது தவறினால் உள்ளே போக இது ஒன்றுதான் வழி. ஸ்மார்ட் சாவியின் பக்கவாட்டில் சிறு விசை இருக்கும். அதைத் தள்ளினால் இரும்புச் சாவி கழன்று வரும். ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் துளை வெளியே தெரியும், அல்லது ஒரு மூடிக்குள் இருக்கும்.

வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக்கிடக்கும் வீட்டு வண்டிகளில் இந்தத் துளை செம்மண் தூசி ஏறி இறுகிப்போயிருக்கும். பலவந்தமாகத் திருப்பாதீர்கள், சாவி உள்ளேயே ஒடியும். கிராஃபைட் தூள் கொஞ்சம் போட்டு, மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். தேங்காய் எண்ணெய் விடவே விடாதீர்கள். இரண்டு மாதத்தில் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

இரும்புச் சாவியில் திறந்தால் சில வண்டிகளில் அலாரம் அலறும். பயப்பட வேண்டாம். சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, அல்லது வண்டியின் கையேடு சொல்கிற குழியில் வைத்து, ஸ்டார்ட் செய்யுங்கள். செல் தீர்ந்திருந்தாலும் இம்மொபிலைசர் சிப் வேலை செய்யும், அலாரம் அடங்கும்.

4. பட்டன் செல்லை மாற்றுங்கள், அளந்து பார்த்து

இடைஞ்சல் என்று வருவதில் பெரும்பாலானவை செல் தளர்ந்தவைதான். செல் தளர்ந்தால் ரிமோட் ஒரேயடியாக நிற்காது. தூரம் குறைந்துகொண்டே வரும். முகப்பிலிருந்து எடுத்தது, அப்புறம் வாசல்படியில் நின்றால்தான் எடுக்கும், அப்புறம் கார் பக்கத்தில். இடைஞ்சலோ ஒரே நாளில் திடீரென்று வரும். "எப்போதிலிருந்து?" என்று நான் முதலில் கேட்பது இதற்காகத்தான்.

சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025 கனம் குறைந்தது, 2.5 மில்லிமீட்டர். இரண்டும் 3 வோல்ட் என்பதால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார். 2032 இருக்க வேண்டிய இடத்தில் 2025 போட்டால் தொடும், ஆனால் சாவி குலுங்கும்போது விட்டு விட்டுத் தொடும். அது பார்ப்பதற்கு அச்சு அசல் அலை இடைஞ்சல் மாதிரியே இருக்கும்!

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அளந்தால் புதிய செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.9-க்குக் கீழே இறங்கிவிட்டால் நான் யோசிப்பதில்லை, மாற்றிவிடுவேன். 3.0 காட்டுவதாலேயே நல்ல செல் என்றும் நம்பிவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, சாவி அலை அனுப்பும் அந்த நொடியில் படுத்துவிடும் செல்கள் உண்டு. சந்தேகமென்றால் புதியதைப் போட்டுப் பார்ப்பதே சோதனை.

பழைய காருக்குப் பிற்பாடு வாங்கி மாட்டிய சென்ட்ரல் லாக் (எல்லாக் கதவையும் ஒன்றாகப் பூட்டும் அமைப்பு) என்றால் ரிமோட்டுக்குள் 23ஏ என்ற 12 வோல்ட் உருளை செல் இருக்கலாம். அதற்கும் இதே முறைதான்.

கழற்றிய செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். அப்படி நடந்தால் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிதான்.

5. காரின் லாக் நன்றாக இருக்கிறதா என்று அரை நிமிஷத்தில் பாருங்கள்

உள்ளே உட்கார்ந்து, கதவில் உள்ள லாக் சுவிட்சை அழுத்துங்கள். நான்கு கதவும் "டக்" என்று ஒன்றாக இறங்கி ஏறினால் பியூஸ், மோட்டார், வயரிங் எல்லாம் சரி. சுவிட்சுக்கே இறங்கவில்லை என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்லை, பியூஸிலிருந்து தேடுங்கள்.

கூடவே காரின் பேட்டரியையும் அளந்துவிடுங்கள். ஓடாமல் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள். விசேஷத்துக்கு விசேஷம் மட்டும் எடுக்கும் வண்டிகளில் இதுதான் முதல் சந்தேகம்.

ஸ்மார்ட் சாவி வண்டியில் இன்னொன்று: ஏதாவது ஒரு கதவு சரியாக அடையாமல் இருந்தாலோ, இரண்டாவது சாவி உள்ளே கைப்பையில் கிடந்தாலோ, வெளியிலிருந்து லாக் ஆகாது. கார் சொல்வதைக் கேட்கவில்லை என்று அர்த்தமில்லை, வேண்டுமென்றே மறுக்கிறது.

6. காரை நகர்த்திப் பாருங்கள்: இதுதான் திருப்பம்

இதுவரை வந்து, இரண்டு சாவியும் அந்த இடத்தில் எடுக்கவில்லை என்றால், எதையும் கழற்றாமல் வண்டியை நூறு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அடுத்த வீதிக்கே போனாலும் நல்லது. கண்மாய்க்கரை மாதிரி வீடில்லாத இடம் இன்னும் உசத்தி.

அங்கே காரிலிருந்து விலகி நடந்துகொண்டே பட்டனை அழுத்துங்கள். எத்தனை எட்டில், அதாவது எத்தனை காலடியில், நின்றுபோகிறது என்று எண்ணி எழுதுங்கள். ஒவ்வொரு தூரத்திலும் மூன்று முறை. சாவியை ஒரே உயரத்தில், மார்புக்கு நேராகப் பிடியுங்கள். பிறகு வீட்டு வாசலில் இதையே செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராக? 433 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 69 சென்டிமீட்டர். சுவரிலும் இரும்புக் கேட்டிலும் பட்டுத் திரும்பும் அலையும் நேரே போகும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அரை எட்டு நகர்ந்தால் நிலைமை மாறிவிடும். ஒரே ஒருமுறை அழுத்தி "இங்கே எடுக்கவில்லை" என்று எழுதியவன் நோட்டைத் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எங்கள் பையன் ஒருவன் சாவியைத் தாடையில் ஒட்டி வைத்து அழுத்துவான். தூரம் கூடும், உண்மைதான், தலையே ஆன்டெனாவுக்குத் துணையாகிறது. திறப்பதற்கு அது நல்ல தந்திரம். அளக்கும்போது வேண்டாம்.

வெளியே நாற்பது எட்டு, வீட்டில் நான்கு எட்டு என்றால் கோளாறு இடத்தில். இரண்டிலும் நான்கு எட்டு என்றால் காரில். 7-ஐப் பார்த்துவிட்டு 9-க்குத் தாண்டுங்கள். வெளியே நாற்பது, வீட்டில் இருபது என்றால் அது இடைஞ்சல் இல்லை. நம் வீட்டுச் சுவரின் கனமும், தகரக் கொட்டகையும், வண்டிமேல் போர்த்தியிருக்கும் வெள்ளி நிற உறையும் சேர்ந்து தின்ற தூரம் அது. வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டிலிருந்து, நடுவே வளவின் (உள்முற்றத்தின்) இரண்டு தூண் வரிசையையும் நிலைக்கதவையும் தாண்டி, வீதியில் நிற்கும் காரைத் திறக்க முடியவில்லை என்று குறைப்பட்டால் நான் என்ன செய்ய?

7. காருக்குள் செருகியிருப்பதை எல்லாம் பிடுங்குங்கள்

வீட்டைத் தேடப் போகுமுன் வண்டிக்குள் ஐந்து நிமிஷம். சிகரெட் லைட்டர் துளையில் உள்ள யூஎஸ்பி சார்ஜர், டேஷ்கேம், வாங்கிப் போட்ட எல்இடி விளக்கு, டயர் காற்றழுத்தம் காட்டும் திரை. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் எட்டுக் கணக்கு எடுங்கள். மொத்தமாகக் கழற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாது.

டேஷ்கேமை நேரடியாக பேட்டரியில் கொடுத்திருந்தால் கார் அணைந்தும் அது ஓடிக்கொண்டிருக்கும். வோல்ட்டைக் குறைக்கும் மலிவான பெட்டி வின்ட்ஷீல்டு ஓரத்தில், ரிசீவருக்கு மிக அருகில் கிடக்கும். வண்டி போகிற இடமெல்லாம் இடைஞ்சலும் கூடவே போகும் என்பதால் 6-ஆம் படியில் இது பிடிபடாது.

"சாவி இல்லை" என்று காட்டும் வண்டிகளில் முதலில் கைபேசி வைக்கும் வயர்லெஸ் சார்ஜிங் தட்டைப் பாருங்கள். பெரும்பாலான தட்டுகள் 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள அலையில்தான் சக்தி அனுப்புகின்றன. சாவியைக் கூப்பிடும் 125 அதற்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. சாவியும் கைபேசியும் ஒரே சட்டைப்பையில் ஒட்டிக்கிடந்தாலும் இதே தொல்லை. இடத்தை மாற்றினால் தீர்ந்தது, ஒரு பைசா செலவில்லை.

8. வீட்டில் தேடுதல்: மெயினை அணைத்து, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்

வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காரிடம் போய் முன்போலவே எட்டுக் கணக்கு எடுங்கள். தூரம் திரும்பிவிட்டதென்றால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள். பிறகு மெயின் பலகையில் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சிறு சுவிட்சுகளை (எம்சிபி) எல்லாம் கீழே இறக்கி, மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாக மேலே தள்ளி, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை போய் அழுத்திப் பாருங்கள். ஒருவர் பலகையிடம், ஒருவர் வாசலில் நின்றால் பதினைந்து நிமிஷ வேலை.

இந்தப் படியில் நானே சறுக்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானில் ஒரு வீடு. சாந்திக் கல்யாணத்துக்கு வந்த மூன்று கார்களும் வாசலில் நின்றால் ரிமோட் எடுக்கவில்லை. தொட்டுக்கொண்டு அழுத்தினால்தான் திறந்தது. வீட்டு ஆச்சி, "ஐயா காலத்துச் சுவரு தம்பி, ரெண்டு முழம் கனம், அதான்" என்றார்கள். வண்டி நிற்பது வீதியில், சாவி இருப்பதும் வீதியில், நடுவே சுவரே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெயினை அணைத்தேன். மாற்றமே இல்லை. பக்கத்து வீடுதான் காரணம் என்று முடிவு செய்து, பூட்டிக்கிடந்த பக்கத்து வீட்டுக் காவல்காரரைத் தேடிப் பிடித்து, அரை நாள் வீணாக்கினேன்.

மறுநாள்தான் உறைத்தது. மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் ஏறிக்கொண்டது. முகப்பு விளக்குகள் எல்லாம் இன்வெர்ட்டர் லைனில். அதையும் அணைத்தேன், கார் முப்பது எட்டிலிருந்து திறந்தது. விசேஷத்துக்காக முகப்பு சரவிளக்கை ரிமோட்டில் போட ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை மேலே, பர்மா தேக்கு உத்தரத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். அதைக் கழற்றியதும் மூன்று வண்டியும் சரியாகிவிட்டன.

அந்தப் பெட்டி அலை அனுப்பும் கருவி இல்லை, கேட்கும் கருவி. அதுதான் வேடிக்கை. மலிவான ரிமோட் சுவிட்சுகளில் உள்ள ரிசீவர், தானே 433-ஐ ஒட்டி அதிர்ந்துகொண்டுதான் பிறருடைய அலையைக் கேட்கும். அந்த அதிர்வில் கொஞ்சம் அதன் ஆன்டெனா வழியாகவே வெளியே கசியும். யாரும் பட்டனைத் தொடாமலே, மின்சாரம் இருக்கும்வரை, இரவும் பகலும். "அந்த ரிமோட்டை யாரும் தொடவே இல்லையே" என்ற பதிலைக் கேட்டு அதை விட்டுவிடாதீர்கள்.

ஆகவே அணைக்கும்போது மெயின், இன்வெர்ட்டர், கேமராவுக்குத் தனியாக உள்ள யுபிஎஸ், மூன்றையும் அணையுங்கள். செல் போட்ட பொருள்கள் அப்போதும் ஓடும்: அழைப்பு மணியின் வாசல் பட்டன், மாடியில் தொட்டியில் உள்ள சென்சார். மழையில் நனைந்து பட்டன் ஒட்டிக்கொண்டால் செல் தீரும்வரை கத்திக்கொண்டே இருக்கும். செல்லைக் கழற்றிப் பாருங்கள். அலமாரியில் கனத்த சாவிக்கொத்தின் அடியில் அமுங்கிக் கிடக்கும் பழைய கேட் ரிமோட்டையும் மறக்க வேண்டாம்.

மீடியம் வேவ் ரேடியோவுக்கு இங்கேதான் வேலை. நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி, எல்இடி விளக்குகள், சார்ஜர்கள், சீரியல் செட்டின் அடாப்டர் பக்கம் கொண்டுபோங்கள். மோசமான அடாப்டர் அருகில் கரகரப்பு எகிறும். 125 கிலோஹெர்ட்ஸ் சாவிப் பேச்சைக் கெடுப்பது இந்த வகை. 433-இல் பேசும் மணியையோ ரிமோட் பெட்டியையோ இந்த ரேடியோ கேட்காது. ரேடியோ அமைதியாக இருக்கிறது என்பதால் வீடு சுத்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

433-ஐக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யூஎஸ்பி டாங்கிள் கிடைக்கிறது. மடிக்கணினியில் செருகி 433.92-இல் வைத்தால் திரையில் அலைகள் கோலம் போல ஓடும். உங்கள் சாவி நொடிப்பொழுது ஒரு கீற்று. ஒட்டிக்கொண்ட மணி, நிற்காமல் ஓடும் ஒரு கோடு. மேலே சொன்ன வெள்ளைப் பெட்டி, அகலமான மங்கலான பட்டை. பட்டை எங்கே தடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தால் பெட்டியிடமே கொண்டுபோய் விடும். வீட்டுக்காரருக்கு இது தேவையில்லை. பட்டறை வைத்திருப்பவர் வாங்கலாம்.

செல்போன் டவரைத்தான் எல்லோரும் முதலில் குற்றம் சாட்டுவார்கள். டவர்கள் 433-இல் பேசுவதில்லை. அவற்றின் அலைவரிசைகள் இதற்கு வெகு மேலே. மிக அருகில் நின்றால் மலிவான ரிசீவர் திணறக்கூடும் என்பது உண்மைதான், ஆனால் அதைக் கடைசிச் சந்தேகமாக வையுங்கள்.

9. ரிசீவரின் ஆன்டெனாவைப் பாருங்கள்

இது கடைகளில் மாட்டிய சென்ட்ரல் லாக்குக்கு மட்டும். கம்பெனியிலேயே வந்த வண்டியில் கை வைக்காதீர்கள்.

டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள கருப்புப் பெட்டியிலிருந்து எங்கும் போய்ச் சேராத ஒரு மெல்லிய கம்பி தொங்கும். நீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். அலைநீளத்தில் கால் பங்கு. அந்த நீளம் தற்செயல் இல்லை. புதிதாக வேலை பழகுபவர்கள் இதற்கு மூன்று விதமாகக் கொடுமை செய்வார்கள். "எங்கும் போகாத வயர்" என்று வெட்டுவார்கள். அழகாகச் சுருட்டி டேப் சுற்றுவார்கள். எர்த் என்று நினைத்து பாடியில் முடுக்குவார்கள். மூன்றிலும் தூரம் இரண்டு எட்டாகிவிடும்.

சுருட்டியிருந்தால் நீட்டுங்கள். வெட்டியிருந்தால் 17.3 சென்டிமீட்டர் வருமாறு புதிய கம்பி பற்றவையுங்கள். மற்ற வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டாமல், இரும்பைத் தொடாமல், முன்கண்ணாடி ஓரமாக மேல்நோக்கி நேராக விடுங்கள். கண்ணாடியில் உலோகம் கலந்த ஃபிலிம் ஒட்டியிருந்தால் எவ்வளவு நீட்டியும் முழுத் தூரம் வராது.

10. பிடிபட்ட பொருளை என்ன செய்வது

அடாப்டர், எல்இடி டிரைவர் (எல்இடி விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போன்றவற்றுக்கு முதலில் நல்ல அடாப்டராக மாற்றுவதே மேல். மாற்ற முடியாவிட்டால் கடையில் கிடைக்கும் ஃபெரைட் கிளிப்பை (இரைச்சலைத் தடுக்க வயரைச் சுற்றிக் கவ்வும் வளையம்) வயரில், அடாப்டருக்கு ஒட்டிப் போடுங்கள். வயரைக் கிளிப்புக்குள் மூன்று சுற்று சுற்றினால் ஒரு சுற்றைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு தடை கிடைக்கும். வயரின் நடுவில் ஒன்றை மாட்டிவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்கள் அதிகம்.

433-இல் கசியும் ரிமோட் பெட்டிக்கு ஃபெரைட் உதவாது. வயர் வழியாக அல்ல, தன் ஆன்டெனா வழியாகவே வீசுகிறது. அகச்சிவப்பு ரிமோட் உள்ளதாகவோ சாதாரண சுவிட்சாகவோ மாற்றுங்கள். அதுவரை பெட்டியை வீதியிலிருந்து இரண்டாம் கட்டுப் பக்கம் தள்ளினால் பாதித் தொல்லை தீரும்.

பக்கத்து வீட்டில் இருந்தால் பேசித்தான் தீர்க்க வேண்டும். உரிமம் தேவைப்படாத இந்தக் கருவிகளுக்கு இடைஞ்சலிலிருந்து பாதுகாப்புக் கேட்கும் உரிமை கிடையாது. உங்கள் கார் சாவியும் அந்தக் கணக்கில்தான். பூட்டிய வீடாக இருந்தால் வண்டியை எதிர்ச் சாரியில் நிறுத்துங்கள்.

இடைஞ்சல் கோயில் திருவிழாவாலோ வீதியில் நடக்கும் கல்யாணத்தாலோ என்றால் அது இரண்டு நாள் சமாச்சாரம். தள்ளி நிறுத்திவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள்.

11. ஜாமரோ என்ற சந்தேகம் வந்தால்

பிள்ளையார்பட்டி மாதிரி கூட்டம் கூடும் இடத்து வாகன நிறுத்தத்தில், உங்களுக்கு மட்டுமில்லாமல் அக்கம்பக்கத்துக் கார்களுக்கும் ஒரே நேரத்தில் லாக் ஆகவில்லை என்றால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஜாமர் என்ற கருவியால் வேண்டுமென்றே அலையை மூடி, பூட்டாத காரில் திருடுவது உலகம் முழுக்கத் தெரிந்த வழி. தனியார் ஜாமர் வைத்திருப்பதே நம் நாட்டில் சட்டவிரோதம், காவல்துறையிடம் சொல்லலாம்.

நடந்துகொண்டே முதுகுக்குப் பின்னால் பட்டனை அழுத்தும் பழக்கத்தை விடுங்கள். "டக்" சத்தம் கேட்டு, இண்டிகேட்டர் மின்னி, கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு நகருங்கள். ஸ்மார்ட் சாவி என்றால் ஒரு சிக்கல்: சாவி உங்கள் பையில் இருக்கும்போது கைப்பிடியை இழுத்தால் அதுவே திறந்துகொள்ளும். சாவியைக் கூட வந்தவரிடம் கொடுத்து நாலு எட்டு தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இழுங்கள். அப்போதும் சந்தேகமென்றால் இரும்புச் சாவியால் பூட்டுங்கள். அதை எந்த அலையும் தடுக்காது.

12. புரோகிராமிங்கைக் கடைசிக்கு வையுங்கள்

நிறையப் பேர் சாவியைக் காரில் மறுபடி பதியும் இந்த வேலையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பல வண்டிகளில் சாவியைப் புதிதாகப் பதிய ஆரம்பித்ததும் பழைய சாவிகள் எல்லாம் நினைவிலிருந்து அழிந்துவிடும். இடைஞ்சல் உள்ள வாசலிலேயே இதைச் செய்தால் புதியதும் பதியாது, பழையதும் போய்விடும். பிறகு வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

சாவி ஒவ்வொரு அழுத்தலுக்கும் சங்கேதத்தை மாற்றிக்கொண்டே போகும். காரும் கூடவே எண்ணிக்கொண்டு வரும். குழந்தை ஒன்று சாவியை விளையாட்டாக வெகுநேரம் அழுத்தியிருந்தால் எண்ணிக்கை விலகிவிடும். அப்படியானால் காருக்கு அருகில், இடைஞ்சல் இல்லாத இடத்தில், அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். பல வண்டிகளில் அதுவே போதும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் எல்லாச் சாவிகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு பதிவு செய்பவரிடம் போகலாம்.

வேலை முடிந்ததென்று கணக்குத் தீர்க்குமுன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பகலில் அல்ல, இரவு ஏழரை மணிக்கு, முகப்பு விளக்கு, வளவு விளக்கு, கேமரா, மோட்டார் எல்லாம் ஓடும்போது, முதல் நாள் நின்ற அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, அதே நோட்டில் எட்டை எண்ணி எழுதுங்கள். கண்மாய்க்கரையில் கிடைத்த எண்ணுக்குப் பக்கத்தில் அது வரவேண்டும். வரவில்லை என்றால் இன்னொரு பெட்டி இருக்கிறது. 8-ஆம் படிக்குத் திரும்புங்கள்.